வட்டாரத்தின் முதல் கார்

சிவகாசி அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பாண்டிமுருகனிடம், பட்டாசுக் கம்பெனி முதலாளி அன்பரசன் ஒரு பழைய போட்டோவை நீட்டினார். 2006 காலண்டருக்கு அதுதான் படம்.

“சுத்துவட்டாரத்துலயே முதல் கார் எங்க தாத்தாவோடதுதான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுட்டு சிங்கம் மாதிரி உக்காந்திருக்காரு பாருங்க தம்பி.”

பாண்டிமுருகன் படத்தைத் திரையில் பெரிதாக்கினான். சிங்கம் உட்கார்ந்த காரைக் கயிறு கட்டி ஒரு குதிரை இழுத்துக்கொண்டிருந்தது. குதிரையை ஒருவர் பிடித்திருந்தார்.

“கார் நின்னு போச்சா அண்ணாச்சி?”

“என்னைக்காவது நின்னுருக்கும். கயிறு, குதிரை, அந்த ஆளு, மூணையும் அழிச்சிருங்க.”

“ஆளு மட்டும் ஓரமா நிக்கட்டுமே.”

“எதுக்கு? வண்டிக்காரன் உக்கிரபாண்டின்னு படத்துக்குப் பின்னால எழுதியிருக்கு. அவனை இப்ப யாருக்குத் தெரியும்?”

பாண்டிமுருகன் போட்டோவைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்த பெயரையும் ஊரையும் படித்துப் பார்த்தான். அரை மணி நேரத்தில், முதலாளி சொன்னபடியே கார் தானாக ஓடத் தொடங்கியது. அன்பரசன் மானிட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அழிப்பதற்கு முன் தனியாக வெட்டி வைத்திருந்த முகத்தைப் பிரிண்ட் எடுத்து, சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் கொடுத்தான்.

“இந்தாம்மா, உங்கப்பா.”

அம்மா வெள்ளைத்தாய் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவள் அப்பா உக்கிரபாண்டியைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. இந்த எழுபது வயது வரை அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“எங்கய்யான்னா பெரிய மனுசரா இருப்பாருன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றாள். “நம்ம வீட்டுப் பேரன் வயசுகூட இருக்காதேலே இதுக்கு. பச்சப்புள்ள.”