குறுக்கே வந்த கை

"யாருய்யா அது, சென்சாருக்கு மேல இன்னொரு சென்சார்?"

ஆபரேட்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார் தைரியராஜ். தான் ஒரு கல்லூரி வாத்தியார் என்பதே அப்போது அவருக்கு மறந்துபோயிருந்தது.

மெயின்கார்டு கேட் பக்கத்துத் தியேட்டரில் ஒரு வாரமாக அந்தப் பழைய டாக்டர் படம், பகல் காட்சி மட்டும். டாக்டராக நடித்தவர் அவருடைய அண்ணன் இருதயநாதன். படம் பேச ஆரம்பித்த புதிதில் எடுத்தது. துரைமார்களுக்கென்று மருந்தைப் பூட்டி வைத்த ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை டாக்டர் கையிலேயே செத்துப்போகும். வெள்ளைக்கார சர்க்கார் சும்மா விடுமா? அந்தக் காட்சியை வெட்டிவிட்டது.

'நான் உருப்படியா நடிச்சதே அது ஒண்ணுதான்டா' என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் கண்ணை மூடினார்.

இப்போது நம்ம சர்க்கார். பெட்டியில் கிடந்த துண்டைத் தேடி எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஆனால் நேற்று, சரியாக அந்த இடத்தில் திரை இருண்டது. சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தால், வெளிச்சம் வரும் ஓட்டையில் ஒரு கை!

"எங்க அண்ணன் சீன்யா அது! இன்னிக்குக் கடைசி ஷோ. சாயங்காலம் ரயில்ல படப்பெட்டி மெட்ராஸ் போயிடும். இன்னிக்கும் மறைச்சே, நடக்கிறதே வேற!"

ஆபரேட்டர் நிஜாமுதீன் அந்த ஓட்டைப் பக்கம் கை காட்டினார்.

"மறைச்சது நான்தாங்க. இப்படி வந்து பாருங்க. பொம்பளைங்க பக்கம், முதல் பெஞ்சு."

திரையில் குழந்தை தவழ்ந்து வந்தது. கீழே ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"உறையூர் பவுனம்மாள்ங்க. அது அவங்க புள்ளை. அப்ப ஸ்டூடியோவுல சித்தாள் வேலை பார்த்தாங்க. கேட்டாங்கன்னு நடிக்கக் குடுத்திருக்காங்க. படம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே அம்மை கண்டு, நிஜமாவே போயிடுச்சு. ஒரு போட்டோகூடக் கிடையாது. முதல் நாள் அந்த சீனைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. அப்புறமும் புள்ளையைப் பார்க்கத் தினமும் வர்றாங்க."

"அந்த நேரம் மட்டும் வெளியில போயிருக்கச் சொல்றதுதானே?"

"சொன்னேங்க. புள்ளையைத் தனியா விட்டுட்டு எப்படிங்க எந்திரிச்சுப் போறதுன்னு கேக்கறாங்க."

தைரியராஜ் ஓட்டை வழியே மறுபடியும் பார்த்தார். திரையில் அண்ணன் குழந்தையைத் தூக்கி மேஜையில் கிடத்தினார். இதோ, அந்த இடம் வந்துவிட்டது.

"உங்க அண்ணனுங்க. நான் மறைக்க மாட்டேன். நீங்க பார்த்துக்குங்க" என்று நிஜாமுதீன் விலகி நின்றார்.

"சத்தத்தை நிறுத்துங்க, பாய்" என்றார் தைரியராஜ்.

அண்ணனின் முகம் திரைக்குப் போகாமல், தைரியராஜ் ஓட்டைக்குக் குறுக்கே நீட்டிய உள்ளங்கையிலேயே வெறும் வெளிச்சமாக விழுந்து நடுங்கியது.