ஜன்னலை மறைத்த அலமாரி

“அந்த அலமாரி மேல கை வெச்சே, கையெழுத்துக் கிடையாது. சொல்லிட்டேன்!”

பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அளவுக்காரி, நீட்டிய டேப்பைச் சுருட்டிக்கொண்டாள். கல்லூரியில் அவளுக்கு அதுதான் பெயர். இன்டீரியர் டிசைன் கடைசி வருடம். சாப்பாட்டை மறந்தாலும் மறப்பாள், டேப்பை மறக்க மாட்டாள்.

இந்த வீடுதான் அவளுக்கு இறுதித் தேர்வு. முகவரியை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். யார் வீட்டுக்குப் போகிறோம் என்று வகுப்பில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. அது தொழில் ஒழுக்கமாம். நாலே தடவைதான் போகலாம். அதற்குள் ஹாலை மாற்றி வரைந்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால், ஒரு டிசைன் ஆபீஸில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

இது நாலாவது தடவை.

ஹாலா அது! இருப்பது ஒரே ஜன்னல். அதை அடைத்துக்கொண்டு ஆள் உயர மர அலமாரி. பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. சோபா யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாததுபோல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாசல் திரை பச்சை, சமையலறைத் திரை சிவப்பு.

“சோபாவையாவது திருப்பலாமா சார்?”

“வேணாம்.”

“போன வாரம் நீங்களே திருப்பலாம்னு சொன்னீங்களே!”

“அது போன வாரம்.”

“மஞ்சள் பெயிண்ட்கூட நீங்க கேட்டதுதான் சார்.”

“மஞ்சளா? கண்ணைக் குத்தும்.”

பிஸ்கட் தட்டை வைக்க வந்த அவர் மனைவி, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். பாவம், அழுகையை அடக்குகிறார் என்று அளவுக்காரியின் மனம் இளகிவிட்டது. இந்த மனுஷரோடு எத்தனை வருடமோ!

பெரியவர் பேனாவைத் திறந்தார்.

“ஏம்மா இவ்வளவு கஷ்டப்படறே? எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். அப்படியே வரைஞ்சு குடு. இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

அளவுக்காரி அந்தப் பேனாவையே பார்த்தாள். ஒரு கையெழுத்து. பட்டம், வேலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். தலையாட்டினால் போதும். தலையைக் குனிந்தவளின் கண்ணில் அப்போதுதான் தரை பட்டது.

“மன்னிச்சுக்கோங்க சார், முடியாது. பகல்ல லைட் போட்டு உட்கார்ற ஹாலை வரைஞ்சு, அதுக்குக் கீழ என் பேரை எழுத மாட்டேன். ஃபெயிலானாலும் பரவாயில்லை.” டேப்பின் நுனியால் தரையைக் காட்டினாள். “இங்கே பாருங்க, தரையெல்லாம் கீறல். இந்த அலமாரியை நீங்களே எத்தனையோ தடவை நகர்த்திப் பார்த்திருக்கீங்க. அம்மாவுக்கு வெளிச்சம் வரணும்னு உங்களுக்கும் ஆசைதான். மனசுதான் துணிய மாட்டேங்குது.”

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

“ஒரே ஒரு தடவை தள்ளிப் பார்ப்போம் சார். பிடிக்கலைன்னா நானே திருப்பி வெச்சுட்டுப் போயிடறேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியும் வர, மூவரும் சேர்ந்து தள்ளினார்கள். அலமாரி பக்கத்துச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. வெயில் ஹாலின் கடைசி மூலைவரை வந்து விழுந்தது. தேர்வு என்பதையே மறந்து அளவுக்காரி கைதட்டிவிட்டாள்.

அலமாரியின் புது இடத்தை அவள் மளமளவென்று வரைந்து நீட்ட, பெரியவர் அதில் கையெழுத்துப் போட்டார்.

தெருவில் அவள் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஸ்டாப்பில் பையைத் துழாவியபோதுதான் பகீர் என்றது. டேப்பைக் காணோம்! வந்த வழியே திரும்பி ஓடினாள்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே கணவனும் மனைவியும் மூச்சு வாங்க, அலமாரியை மறுபடியும் ஜன்னல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அளவுக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது.

“மெதுவாத் தள்ளுங்க, இடுப்பு போகுது! பன்னிரண்டு வருஷமா பரீட்சை வெக்கிறீங்க, அந்தக் கீறலைப் பார்த்த ஒரே ஆள் இந்தப் பொண்ணுதான். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியலை.”

“அதான் நூத்துக்கு நூறு போட்டுட்டேனே. பேசாம தள்ளு. அடுத்த பொண்ணு மூணு மணிக்கு வந்துடுவா.”

அளவுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பை உதறிவிட்டு உள்ளே போய் அலமாரியின் மறுமுனையைப் பிடித்தாள்.

“இன்னும் நாலு அங்குலம் இடது பக்கம் சார். அப்பதான் ஜன்னல் முழுசா மறையும்.”