கோணல் வட்டம்

"டக்" என்று ஒரு சத்தம். மூட்டுவாதப் பிரிவில் ஓர் அம்மாவின் விரல்களிலிருந்து நழுவிய பேனா, மேசையோடு கட்டியிருந்த நூலில் ஆடியது.

"பேனா பிடிக்கக்கூடத் தெரியாதா இந்த அம்மாவுக்கு?" என்று படிவத்திடம் சிடுசிடுத்தது.

"அவங்க குஞ்சரம்மா, நோயாளிடா. தினமும் எழுதுற உதவியாளர் டீ குடிக்கப் போயிட்டார். அதான் அவங்களே என்னை நிரப்புறாங்க. என்னைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாத்துவார்" என்றது படிவம்.

இந்த முறை விரல்களை நம்பாமல், இரண்டு உள்ளங்கைகளும் பேனாவை இறுக்கிப் பிடித்தன. குழாயைத் திருக முடிகிறதா? முடியவில்லை. பத்துக்கு எவ்வளவு வலி? ஒன்பதைச் சுற்றி ஒரு கோணல் வட்டம்.

பேனா கத்தியது. "ரெண்டு வருஷமா எல்லாருக்கும் ஒண்ணைத்தானேடா சுழிச்சேன்! அதை வச்சுத்தானே சுவரில 'சிறந்த சிகிச்சை'ன்னு சான்றிதழ் மாட்டினாங்க?"

"உதவியாளர் 'நல்லாயிருக்கீங்கள்ல?'ன்னு கேட்பார். நோயாளிங்க மரியாதைக்கு 'இருக்கேன் தம்பி'ம்பாங்க. அவர் ஒண்ணு போடுவார்."

உதவியாளர் திரும்பி வந்தார். "என்னம்மா, இப்படிக் கிறுக்கி வச்சிருக்கீங்க!" படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை எடுத்தார். "நல்லாயிருக்கீங்கள்ல?"

குஞ்சரம்மா கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "இருக்கேன் தம்பி."

பேனா ஒன்றைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டது.