இரண்டு நிறம் கொண்ட செல்

"கொல்லத் தெரிஞ்சவங்க நம்ம உடம்புக்குள்ளயே இருந்தா, நம்மளையே கொன்னுட மாட்டாங்களா அத்தை?"

அண்ணன் மகள் கேட்டது. அப்போது அவளுக்கு ஆறு வயது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து அத்தை சமாளித்தாள். ஆராய்ச்சி செய்கிறவள் சொல்லக்கூடிய பதிலா அது என்று பிறகு வெட்கப்பட்டாள்.

இப்போது நுண்ணோக்கியில் வைத்த கண்ணை அந்த அத்தையால் எடுக்க முடியவில்லை.

ஒரு செல். ஒன்றே ஒன்று.

விளிம்பைச் சுற்றிச் சிவப்பு. அது டி செல் என்பதற்கு அடையாளம். கிருமி புகுந்த செல்லைத் தேடிப்போய்க் கொல்லுகிற சாதி.

அதே விளிம்பில் பச்சை.

பச்சை, செல்லின் மேல் இருந்து அதன் கையைப் பிடித்து நிறுத்துகிற ஏற்பியின் நிறம். இயற்கைக் கொல்லி செல்கள் என்ற வேறொரு கூட்டத்தின் சொத்தாகப் பேர்பெற்றது. எதிரே நிற்பது நம்மவர்தான் என்று தொட்டு அறிந்ததும், ஓங்கிய கையை அது இறக்கிவிடும்.

இந்த டி செல்லும் அதை அணிந்திருந்தது.

கண்ணுக்கே தெரியாத ஓர் உடம்பு. கொல்லும் பலம் முழுதாக இருக்கிறது. வேண்டாம் என்கிற ஒன்றையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அலைகிறது.

"ஸ்தோத்திரம்" என்றாள் வாய்க்குள்.

பிறகுதான் கோபம் வந்தது.

இப்படிப்பட்ட செல்கள் எட்டு மாதமாகக் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன.

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு நிறம் பார்க்கிற இயந்திரம் ஆய்வகமே அண்ணன் என்று கூப்பிடுகிற ஞானசிகாமணியின் பொறுப்பு. திரையில் அவர் ஒரு கோடு போடுவார். கோட்டுக்குள் இருப்பது கணக்கில் வரும். வெளியே இருப்பது வராது. இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஓடினாலும் இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும். அதனால் இரண்டு நிறம் காட்டிய எதையும் அவர் உள்ளே விட்டதில்லை.

ஜூன் மாதமே அவள் கேட்டாள், அது ஒரே செல்லாக இருக்கக்கூடாதா என்று.

"ஜோடியா போறதை எல்லாம் ஒத்தை ஆளுன்னு நம்பாதீங்க டாக்டரம்மா. இந்த மிஷினோட பதினாறு வருசமா குடும்பம் நடத்துறேன். எனக்குத் தெரியாதா?"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர் தந்த முடிவுத்தாள்களில் கையெழுத்தும் போட்டாள்.

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து நேரே ஆய்வகத்துக்கு வந்தவள், ஒரு மாதிரியில் அவர் ஒதுக்குகிற வகையை மட்டும் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் இட்டுப் பார்த்தாள். ஒட்டிக்கொண்ட ஜோடிகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, தனித்தனியாக, இவையும் இருந்தன.

நாளை காலை பத்து மணிக்கு அண்ணனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். அவருடைய வேலையைப் பற்றி இயக்குநர் அவளிடம் ஒரு குறிப்புக் கேட்டிருந்தார்.

உட்கார்ந்து அடித்தாள். விரல் தயங்கவில்லை.

கேட்டதற்குக் கேலி செய்தார். எட்டு மாத உழைப்பை வீணாக்கினார். இவரை நம்பி இனி யாரும் மாதிரிகளைக் கொடுக்கலாகாது.

கடைசி வாக்கியம் போதும். அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு தொழில் தெரியாது.

அனுப்பும் பொத்தானுக்கு விரல் போய்விட்டது.

அங்கேயே நின்றது.

அவள் சேர்ந்த வருடம். ஒரு சனிக்கிழமை உறைபெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். உள்ளே நான்கு பேருடைய ஆறு வருட உழைப்பு. திங்கட்கிழமை ஓடிவந்து பார்த்தால், குப்பிகள் எல்லாம் பக்கத்துப் பெட்டியில் வரிசை மாறாமல் இருந்தன. ஒன்றும் உருகவில்லை. யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. யாருடைய காதுக்கும் போகவில்லை.

அந்தக் கை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. எல்லோருடைய முகத்தையும் பார்த்துப் பார்த்து, அதனாலேயே எல்லோரிடமும் கொஞ்சம் பணிவாக நடந்து பழகிவிட்டாள்.

கடைசி வாக்கியத்தை அழித்தாள். அதற்கு முந்தியதையும், அதற்கு முந்தியதையும்.

இரண்டு நிறச் செல்களை ஒட்டிய ஜோடிகள் என்று நாங்கள் தவறாக ஒதுக்கியிருந்தோம்; தவறு கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகிறது என்று எழுதினாள். ஞானசிகாமணி அவர்களின் கையில் இதுவரை ஒரு மாதிரிகூடக் கெட்டதில்லை என்றும் எழுதினாள். அதுவும் உண்மைதான்.

அனுப்பினாள்.

காலையில் எட்டு மணிக்கே வந்து, யாரும் வருமுன் அண்ணனைக் கூப்பிட்டு அந்தச் செல்லைக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் சொக்கிப்போவார்.

இயந்திரம் எதையும் அழிப்பதில்லை. ஓடிய செல் ஒவ்வொன்றின் பதிவும் கோப்பில் இருக்கும். கோட்டைத்தான் மாற்றிப் போடவேண்டும். நாற்பத்தொரு பேருடைய ரத்தம். நாற்பத்தொரு கோப்புகள். மற்ற வேலைகளுக்கு நடுவே அண்ணன் செய்தால் ஒரு வாரமாகும்; அத்தனை பேர் பார்க்கத் தன் தவறைத் தானே திருத்த வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாட்டை மறந்து முதல் கோப்பைத் திறந்தாள்.

வெளியே நின்றவர்கள் புள்ளி புள்ளியாகக் கோட்டுக்குள் வந்தார்கள்.

மாலை ஆராதனைக்கு மணி அடித்தபோது நாற்பத்தொன்றாவதைச் சேமித்தாள்.

திருத்தியவர் பெயர் என்று திரை கேட்டது.

அந்தக் கட்டத்தில் 'ஆய்வகம்' என்று மட்டும் அடித்தாள்.