மலை உச்சியில் மூட்டுவலி முகாம்

எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்று குரங்கு வைத்தியர் மூட்டுவலி முகாமை மலை உச்சியில் வைத்தார். ஏற இருநூற்றுப் பதினான்கு படிகள்.

கிழ எருமை விடியும்போதே வந்துவிட்டது. ஒரு மாதமாகப் படுத்தால் அதனால் எழ முடியவில்லை. மழை தொடங்கினால் சேற்றிலேயே கிடந்து சாக வேண்டியதுதான் என்று பயந்தது. ஒன்பதாவது படியில் முன்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது.

ஓர் ஆடு துள்ளிக்கொண்டு வந்தது. "என்ன பெரியம்மா, பாதியிலேயே உட்கார்ந்துட்டீங்க?"

"பாதி எங்கே? ஒன்பதுதான் ஆச்சு. வைத்தியரைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்லு, கண்ணு."

ஆடு மேலே போய்ச் சொன்னது. வைத்தியர் அதன் நான்கு முட்டிகளையும் தட்டிப் பார்த்தார்.

"முதல் தரம். நான் இறங்கிப் போயிட்டா, இங்கே வர்ற நோயாளிகளை யார் பார்ப்பா?"

அன்று பதினேழு ஆடுகளும் இரண்டு காக்கைகளும் வந்தன. மாலையில் வைத்தியர் பதிவேட்டில் எழுதினார்: "பார்த்தது பத்தொன்பது. மூட்டுவலி ஒருவருக்கும் இல்லை."

இறங்கும் வழியில் எருமையைப் பார்த்து நின்றார்.

"முகாம் முடிஞ்சுபோச்சும்மா. அடுத்த வருஷம் கொஞ்சம் முன்கூட்டியே ஏற ஆரம்பிங்க."

எருமை பத்தாவது படியைப் பார்த்தது.

"இப்பவே ஆரம்பிச்சா சரியா இருக்குமாங்க, ஐயா?"