நடீன் அடைத்த தோட்டா

கைத்துப்பாக்கிப் பயிற்சித் திடலில் பெரியவர் ஆர்வில் சுட்ட தோட்டாக்களின் அலுமினியக் கூடுகள் சிதறிக் கிடந்தன. மறுபடி வெடிமருந்து அடைக்க உதவாதவை. அவர் அவற்றை விட்டுவிட்டு, மற்றவர்கள் போட்டுப்போன பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சுடறது மலிவு அலுமினியம், பொறுக்கறது ஊரான் பித்தளையா?" என்று சிரித்தார் நண்பர் டுவைட். "'என் பொண்டாட்டி நடீன் அடைச்ச தோட்டாவைத் தவிர வேறெதையும் தொட மாட்டேன்'னு பீத்திக்குவியே?"

"இப்பவும் அடைக்கிறா. ஒரே கூட்டுல ரெண்டு தடவை மருந்து போட்டுடறா. சுட்டா துப்பாக்கியே வெடிச்சிடும். மருந்தை ஒளிச்சு வச்சிட்டேன்."

"அப்புறம் எதுக்குய்யா இந்தக் கூடு?"

"இல்லேன்னா அழறா. குடுத்தா, வெறும் கூட்டுல குண்டைச் சொருகிட்டு இருப்பா. நேத்து ஒண்ணை எடுத்துப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டா. 'வைங்க சார், அது என் வீட்டுக்காரருக்கு'ன்னா."