நடுப்பகல் மாத்திரை

கீழே கடையில் கூட்டம் நிற்கும்போதே ஷேக் அலாவுதீன் மேல்மாடிக்கு வந்து பாயில் படுத்துக்கொண்டார்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி, நோன்பு மாதம். பெருநாளுக்குச் சொங்கோக் தொப்பி வாங்க சூலியா தெருவில் பாதிப் பேர் அவர் கடைக்குத்தான் வருவார்கள்.

"நோன்பு வந்தா முதலாளிக்குத் தூக்கமும் சேந்து வந்துடும் லா." கடையாள் நாகூர் மீரான் யாரிடமோ சொன்னது மரப்படி வழியே ஏறி வந்தது. யாரோ சிரித்தார்கள்.

அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இரண்டு மணி மாத்திரைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

ஜன்னல் சட்டங்களுக்குள் புகுந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. மர அச்சுகளில் மாட்டியிருந்த கறுப்பு வெல்வெட் தொப்பிகள், முகமில்லாத ஆட்கள் தொழுகைக்கு வரிசை கட்டியது போல நின்றன. துறைமுகத்தில் ஃபெர்ரி ஊதியது. கண் செருகியது.

பாதித் தூக்கத்தில் டாக்டரம்மாவின் சொற்கள் வந்தன. இங்கிலீஷில் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் மறுபடி சொன்ன சொற்கள்.

சிடி ஃபோர். உடம்பைக் காவல் காக்கிற அணுக்கள், கடைவாசலில் ராக்காவல் இருக்கிற ஜாகா மாதிரி. தொப்பிகள் ஒவ்வொன்றாக அச்சிலிருந்து இறங்கி, காக்கி உடுப்பு மாட்டிக்கொண்டு, கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தன. ஆள் இல்லாத முக்காலிகளே அதிகம்.

வைரல் லோட். ரத்தத்தில் எவ்வளவு எச்.ஐ.வி. கிருமி என்ற கணக்கு. அது எறும்பு வரிசையாகச் சுவரில் ஊர்ந்தது. ஊர ஊர மெலிந்தது, நூலானது, சுவரே மிச்சமானது.

அன்டிடெக்டபிள். மெஷினுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். போய்விடாது. மருந்து ஆயுசுக்கும்.

ரெசிஸ்டன்ஸ். வேளை தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். சுவருக்குள்ளிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. மாத்திரையை முகர்ந்து பார்த்தது. அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் போனது.

விழித்துக்கொண்டார்.

இந்த மாத்திரைக்கு ஒரு மிடறு தண்ணீர் போதாது. கூஜா நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட்னியில் கல் சேரும். நோன்புப் பகலிலோ ஒரு சொட்டுக்கூட நாக்கில் படக்கூடாது.

நோயாளி நோன்பை விடலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் என்ன நோய் என்று மனைவி ஆசியா பீவி கேட்பாள்.

அதனால் விடியுமுன் அவளோடு உட்கார்ந்து சஹர் சாப்பிட்டார். அந்தியில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பசித்தவர் போலவே பள்ளிவாசல் பாங்குக்குக் காத்திருந்தார். இடையில் இந்த மாடி.

"மனைவியைக் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் ரத்தம் பாத்தாகணும்" என்று டாக்டரம்மா போகும்போதெல்லாம் சொன்னார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று இவர் ஒரு தடவை சமாளித்தார். பெருநாள் போகட்டும் என்று ஒரு தடவை.

மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டபோது படி முனகியது.

ஆசியா பீவி கூஜாவும் தம்ளருமாக வந்து நின்றாள். அவர் கையை மூடிக்கொண்டார்.

அவள் மூடிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாயோரம் உட்கார்ந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"வேர்வையில பிசுபிசுத்துப் போயிடும் மச்சான், போடுங்க. நேரம் தவறினா ரெசிஸ்டன்ஸ் வந்துடும்."

அந்தச் சொல்லை அவள் நாக்குத் தடுமாறாமல் சொன்னாள்.

அவர் போட்டுக்கொண்டார். அவள் ஊற்ற ஊற்றக் குடித்தார். வெயில் கோடுகள் அவள் முக்காட்டின் மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. இதுவும் தூக்கத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று நினைத்தார். தண்ணீர் மட்டும் சில்லென்று உள்ளே இறங்கியது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீங்களே சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள், தொப்பிகளைப் பார்த்தபடி. "முதல் நோன்புலேர்ந்து ஃபித்யா அரிசி குடுக்கிறேன்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

குணமாகிற நோயாளி, விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கழிப்பான். இனி ஒருநாளும் பிடிக்க முடியாதவனுக்குத்தான் ஃபித்யா, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு அரிசி. காய்ச்சலுக்கோ வயிற்றுவலிக்கோ யாரும் அதைக் கொடுப்பதில்லை.

ஆயுசுக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு ஆளுக்குத்தானே," என்றார்.

"தினம் ரெண்டு பேருக்கு."

அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

கீழே மீரான் யாருக்கோ தலை அளவு சொல்லிக்கொண்டிருந்தான். ஆசியா பீவி கூஜாவைச் சாய்த்து, மிச்சத் தண்ணீரை அவர் குடித்த தம்ளரிலேயே ஊற்றினாள். முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு, அவர் பார்க்க, நின்று நிதானமாக அவ்வளவையும் குடித்தாள்.